வேலை ஒன்றானால் கூலியும் ஒன்றே

சென்னை சென்ட்ரலை விட்டுப் புறப்படும் புறநகர் மின்சார வண்டிகளுக்கு முதல் நிலையம் பேசின் பிரிட்ஜ். அங்கே இருப்புப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பெரம்பூர் வழியாக அரக்கோணம் நோக்கி மேற்கே செல்கிறது. மற்றொன்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீள்கிறது. இந்த இரு பாதைகளின் ஓரங்களிலும் உழைப்பாளர் குடும்பங்களே நிறைந்து வாழ்கின்றன. 1918-இல் இந்நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1996-இல் மூடப்படும்வரை பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் சங்கொலி கேட்டதும் இந்த வட்டாரத்தில்தான்.

காலை வேளையில் இங்கு சிறிது நேரம் நின்று பார்த்தால், தூக்குப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி விரைந்து செல்லும் பெண்கள் எத்தனை பேர் என்பதைக் காணலாம். சிலர் தொழிற்கூடங்களுக்குச் செல்கின்றனர். சிலர் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கச் செல்கின்றனர். பலர் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். கட்டட வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு நம்மிடையே வழங்கும் பெயர் சித்தாள். அதே கட்டடத்தில் கொத்தனாருக்கு உதவியாக நிற்கும் ஆணுக்குப் பெயர் பெரியாள். சிற்றாள் என்பதே சித்தாள் என்று திரிந்தது. பெண்ணானவள் எவ்வளவு உயரமாயினும், எவ்வளவு வலிமை உடையவளாயினும், இருபது ஆண்டு அனுபவம் பெற்றவளாயினும் அவள் சிற்றாளே. நேற்று வேலைக்கு வந்த பதினெட்டு வயது இளைஞன் பெரியாள்!

பெயரில் உள்ள இந்தச் சிறுமை பெயரோடு நின்றுவிடுவதில்லை. மாலையில் கூலி எண்ணப்படும்போது அது காசாக மாறுகிறது. இருவரும் ஒரே மணலைச் சலித்தனர். ஒரே கலவைச் சட்டியை ஒரே படிக்கட்டில் ஏற்றினர். ஆனால் ஒருவர் கையில் கூடுதல், மற்றவர் கையில் குறைவு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 200 ரூபாய் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாள் வேலைக்கு 5,000 ரூபாய். ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, பழைய கடனின் அசலோ, மழைக்கு ஒழுகும் கூரையின் பழுதோ அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கலாம்.

இந்த வேறுபாடு பழக்கத்தினால் வந்தது, சட்டத்தினால் வந்ததன்று. சட்டம் இதனைத் தடைசெய்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அந்தச் சட்டம் கூறுவது யாது, வேலை கொடுப்போரை அது என்ன செய்தது, நம்மிடம் அது எதைக் கேட்கிறது என்பனவற்றைச் சற்று ஆராய்வோம்.

சட்டம் பிறந்த வரலாறு

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 39-ஆம் விதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வேலைக்குச் சமமான ஊதியம் கிடைக்கச் செய்வதை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. மறு ஆண்டிலேயே, 1951-இல், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இதே பொருள்பற்றித் தனது 100-ஆம் உடன்படிக்கையை இயற்றியது. 1958-இல் இந்தியா அதனை ஏற்றுக் கையொப்பமிட்டது. ஆயினும் 39-ஆம் விதி அரசுக்கு வழிகாட்டும் நெறியேயன்றி, ஒரு தொழிலாளி அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியின் மீது வழக்குத் தொடுக்க உதவுவதன்று. அதற்கென ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

அது வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1971-இல் மத்திய அரசு அமைத்த பெண்கள் நிலை ஆய்வுக் குழு 1974-இன் இறுதியில் தன் அறிக்கையை முடித்தது. 1975-ஐ உலகப் பெண்கள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் சம ஊதிய அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் அதன் இடத்தில் முழுமையான சம ஊதியச் சட்டம் வந்தது. மூன்றாண்டுகளுக்குள் எல்லா வகைத் தொழில்களிலும் படிப்படியாக அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

சட்டம் சொன்னது என்ன?

சட்டம் சிறியதுதான், அதன் சாரமும் எளியதே. முதலாவது: ஒரே வேலையையோ, ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை கொடுப்பவர் வேறுபட்ட ஊதியம் தரலாகாது. ஒத்த தன்மையுள்ள வேலை என்றால் என்ன? தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்து, வேலைச் சூழ்நிலையும் ஒத்திருந்தால் அது ஒத்த வேலை. நடைமுறையில் முக்கியமில்லாத சிறு வேறுபாடுகளைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க இயலாது.

இரண்டாவது: சமப்படுத்துவது எப்படி என்பதையும் சட்டம் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு 8 ரூபாயும் ஆணுக்கு 10 ரூபாயும் கொடுத்துவந்த ஒருவர், இருவருக்கும் 8 ரூபாய் என்று ஆக்கிவிட்டுச் சட்டத்திற்குப் பணிந்ததாகச் சொல்ல முடியாது. எவருடைய ஊதியத்தையும் குறைக்கலாகாது. இரண்டனுள் உயர்ந்ததே இருவருக்கும் உரியதாகும். சமத்துவம் என்பது மேலே இருப்பவரைக் கீழே இறக்குவதன்று, கீழே இருப்பவரை மேலே ஏற்றுவது என்னும் இவ்விதியை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

மூன்றாவது: வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பெண் என்பதற்காக ஒருவரை ஒதுக்கலாகாது. 1987-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தப் பாதுகாப்பைப் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றுக்கும் விரித்தது. நான்காவது: எந்த வேலையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, யாருக்கு எவ்வளவு ஊதியம் என்பதைக் குறிக்கும் பதிவேடு ஒன்றை முதலாளி வைத்திருக்க வேண்டும். மீறுவோருக்குத் தண்டனையும் இருந்தது. 1987 திருத்தத்திற்குப் பின் முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று ஆயிற்று.

வேலை கொடுப்போரின் வாதங்கள்

வேலை கொடுப்போர் இதனை எவ்வாறு ஏற்றனர்? மனமுவந்து ஏற்றவர் உண்டு. முணுமுணுத்தவரும் உண்டு. அவர்களுடைய வாதங்களை நாம் ஒதுக்கித் தள்ளாமல் கேட்டுப் பார்ப்பது முறை. ஏனெனில் நமது குடும்பங்களிலும் சிறு பட்டறை நடத்துவோர், கடை வைத்திருப்போர், ஒப்பந்த வேலை எடுப்போர் இருக்கின்றனர்.

"எனக்குக் கட்டுப்படியாகாது" என்பது முதல் வாதம். இதற்கு உச்ச நீதிமன்றமே விடை கூறிவிட்டது. மெக்கின்னன் மெக்கன்சி என்னும் கப்பல் நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைந்த ஊதியம் அளிக்கப்பட்டு வந்தது. 1977-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் சுருக்கெழுத்தர் தமக்கு உரிய வேறுபாட்டுத் தொகையைக் கேட்டு வழக்காடினார். பெண்கள் உயர் அலுவலர்களோடு தனியே அமர்த்தப்பட்டவர்கள், எனவே அவர்கள் வேறு வகையினர் என்று நிறுவனம் சொன்னது. தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படியே ஊதியம் அமைந்தது என்றும், கூடுதலாகக் கொடுக்க நிறுவனத்திற்கு இயலாது என்றும் வாதிட்டது. 1987 மார்ச் மாதம் நீதிபதி வெங்கடராமையா அளித்த தீர்ப்பு இவற்றுள் எதனையும் ஏற்கவில்லை. பெயரைப் பாராமல் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்; ஒப்பந்தம் சட்டத்தை மீற முடியாது; நிறுவனத்தின் பணநிலை பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் காரணமாகாது என்று அது தெளிவுபடுத்தியது. வழக்கு முடியப் பத்து ஆண்டுகள் ஆயின என்பதையும், அந்த ஒப்பந்தத்தில் தொழிற்சங்கமும் கையெழுத்திட்டிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. பெண்ணின் கூலி குறைவதற்கு முதலாளி மட்டுமே பொறுப்பல்லர். உடன் உழைக்கும் ஆண்களும் பல வேளைகளில் பொறுப்பாளிகளே.

"அவள் ஒப்புக்கொண்டுதானே வந்தாள்?" என்பது இரண்டாவது வாதம். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டேன் என்பவர்கள் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைக்கூடத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கும் எவருக்கும் உண்மை விளங்கும். அந்தத் தோட்ட முதலாளி தமக்குள்ள உரிமையைப் பயன்படுத்தியது கூட்டிக் கொடுப்பதற்கு, குறைத்துக் கொடுப்பதற்கன்று. கடைசியில் வந்தவனுக்கும் ஒரு நாள் பிழைப்புக்கு வேண்டியது தேவை என்பதே அவர் கண்ட நியாயம். வேறு வழியின்றி ஒப்புக்கொள்ளும் ஒருத்தியின் சம்மதத்தை நியாயமாகக் காட்ட அந்த உவமையில் இடமில்லை. 1891-இலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தமது தொழிலாளர் சுற்றுமடலில், பேசி ஒப்புக்கொண்ட காரணத்தினாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று போதித்துள்ளார்.

"ஆண் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன், பெண்ணின் வருமானம் கைச்செலவுக்குத்தானே?" என்பது மூன்றாவது வாதம். கத்தோலிக்கராகிய நாம் இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் குடும்ப ஊதியம் என்பது திருச்சபையின் போதனைகளுள் ஒன்று. 1931-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதரும், 1981-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரும், உழைப்பவரின் ஊதியம் குடும்பத்தைத் தாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். இப்போதனை ஊதியத்தின் அடித்தளத்தை உயர்த்துவதற்காகச் சொல்லப்பட்டது. பெண்ணின் கூலியைக் குறைப்பதற்கு அதை ஆதாரமாக்குவது போதனையைத் தலைகீழாக்குவதாகும். மேலும், குடும்பத்தைக் காப்பாற்றுபவர் யார்? கணவனை இழந்தவள், கைவிடப்பட்டவள், நோயாளிக் கணவனுக்கு மருந்து வாங்குபவள், குடிகாரன் வீட்டில் அடுப்பு அணையாமல் காப்பவள் நமது பங்குகளில் எத்தனை பேர்! அவர்கள் கொண்டுவரும் கூலிதான் அந்த வீடுகளில் குடும்ப ஊதியம்.

திருச்சபையின் குரல் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பால் காரணமாக மனிதரின் அடிப்படை உரிமைகளில் செய்யப்படும் வேற்றுமை இறைவனின் திட்டத்திற்கு முரணானது என்று கூறிற்று. 1995-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் உலகப் பெண்களுக்கு எழுதிய மடலில் சம வேலைக்குச் சம ஊதியத்தை வெளிப்படையாகவே கேட்டார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிசு, இந்த ஊதிய வேற்றுமை முழுக்க முழுக்க ஓர் இடறல் என்று கடிந்துரைத்தார்.

சட்டத்தைத் தாண்டும் வழிகள்

வாதம் தோற்றபின் தந்திரம் தொடங்குவது உலக இயல்பு. சம ஊதியச் சட்டம் எந்த நாட்டில் வந்தாலும் அதைத் தாண்டும் வழிகள் சிலவும் உடன் வந்துள்ளன.

ஒன்று, பெயரை மாற்றுதல். இங்கிலாந்தில் டாகன்ஹாம் நகரில் உள்ள ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் காரின் இருக்கை உறைகளைத் தைத்துவந்த பெண்கள் 1968-இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய வேலை திறமை குறைந்த வேலை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வகையிலும் ஆண்களுக்குரியதில் நூற்றுக்கு 85 பங்கே அவர்களுக்குத் தரப்பட்டது. உறை இல்லாமல் கார் வெளியேறாது ஆதலின் தொழிற்சாலையே நின்றது. அந்தப் போராட்டத்தின் விளைவாக 1970-இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டு, 1975-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தங்கள் வேலை திறமையுள்ள வேலையே என்னும் அங்கீகாரத்தை அந்தப் பெண்கள் பெற்றது 1984-இல்தான். எண்ணூரில் மோட்டார் வண்டி செய்யும் நமக்கு இக்கதை அந்நியமானதன்று. சித்தாள், பெரியாள் என்னும் நம் சொற்களும் இதே தந்திரத்தைப் பழக்கத்தின் பெயரால் செய்கின்றன.

மற்றொன்று, பொறுப்பை ஒப்பந்தக்காரர்மேல் தள்ளுதல். 1982-இல் புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெரும் கட்டடங்கள் எழும்பியபோது, தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு தரவேண்டியிருக்க, பெண்களுக்கு 7 ரூபாயே சேர்கிறது, மீதியை இடையில் நிற்கும் மேஸ்திரிகள் எடுத்துக்கொள்கின்றனர் என்ற முறையீடு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. வேலையை ஒப்பந்தத்திற்கு விட்டுவிட்டதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. சம ஊதியச் சட்டம் உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்களை ஒப்பந்தக்காரர் கடைப்பிடிக்கச் செய்வது வேலைக்கு உடையவரின் பொறுப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார்.

மூன்றாவது, பெண்களை வேலைக்கே எடுக்காமல் விடுதல். சட்டங்கள் பெருகினால் பெண்களுக்கு வேலை குறையும் என்ற அச்சம் முற்றிலும் வீணானதென்று சொல்ல இயலாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலையினின்று காத்தது. அந்தக் காப்பே அவர்களை மறுப்பதற்கும் ஒரு சாக்காயிற்று. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், தக்க பாதுகாப்புகளோடு பெண்கள் இரவிலும் பணிபுரியலாம் என்று அத்தடையை நீக்கியது. ஆள் எடுப்பதிலும் வேற்றுமை கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததும் இவ்வச்சத்தை உணர்ந்தேயாகும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஊதிய விகிதம் எழுத்தில் வரையறுக்கப்பட்ட இடங்களில், அதாவது இரயில்வேயிலும் வங்கியிலும் அரசுப் பள்ளியிலும், ஒரே பதவியில் உள்ள ஆணும் பெண்ணும் ஒரே ஊதியம் பெறுகின்றனர். அதனால் எந்த அலுவலகமும் மூடப்பட்டுவிடவில்லை. கூலி வாய்ப்பேச்சில் நிற்கும் இடங்களிலேதான் வேற்றுமை நீடிக்கிறது. ஆண்களே இல்லாத வேலைகளிலும், வீட்டில் இருந்தபடி எண்ணிக்கைக் கணக்கில் செய்யும் வேலைகளிலும் ஒப்பிட்டுக் காட்ட ஆள் இல்லாமையால் சட்டத்தின் கை எட்டுவதில்லை. இக்குறையையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

இன்றைய நிலை

1976-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனிச் சட்டமாக இல்லை. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத்தொகுப்பு, சம ஊதியம், குறைந்தபட்ச ஊதியம், ஊதியப் பட்டுவாடா, போனஸ் ஆகிய நான்கு பழைய சட்டங்களையும் ஒன்றாக்கியது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ பால் வேற்றுமையால் ஊதியம் மாறலாகாது, சமப்படுத்துவதற்காக எவருடைய ஊதியத்தையும் குறைக்கலாகாது, ஆள் எடுப்பதில் வேற்றுமை கூடாது என்னும் பழைய விதிகள் அதில் தொடர்கின்றன. உரிய ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஐந்தாண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

வேலை கொடுப்போர் செய்யவேண்டியது அதிகமில்லை. வேலைகளை ஆள் பார்த்துப் பெயரிடாமல் செய்கையைப் பார்த்து வகைப்படுத்துதல்; ஒவ்வொரு வகைக்கும் ஒரே விகிதத்தை எழுதி வைத்தல்; பதிவேட்டையும் ஊதியச் சீட்டையும் தவறாது பேணுதல். உழைக்கும் சகோதரிகள் செய்யவேண்டியதும் உண்டு. ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையேல் வேலை செய்த நாட்களையும் பெற்ற தொகையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குறை தோன்றினால் மூன்றாண்டுகளுக்குள் உரிய தொழிலாளர் துறை அதிகாரியிடம் நீங்களோ, உங்கள் சார்பில் பதிவு பெற்ற தொழிற்சங்கமோ முறையிடலாம்.

நம் வீடும் நம் ஆலயமும்

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. முதலாளி என்றதும் பெரிய ஆலைகளின் சொந்தக்காரர்களையே நாம் நினைக்கிறோம். ஆனால் வீட்டின்மேல் ஓர் அறை எழுப்புகிறோம்; பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர் கட்டுகிறோம்; பங்கில் ஒரு மண்டபம் அமைக்கிறோம். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கி, குறைவாகச் சொன்னவரிடம் வேலையை ஒப்படைக்கிறோம். அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? சிமெண்டு விலை எல்லாருக்கும் ஒன்றே. கம்பி விலையும் ஒன்றே. குறைக்க இயலுவது பெரும்பாலும் கூலியில்தான். அதிலும் முதலில் குறைவது சித்தாளின் கூலி. நாம் மிச்சப்படுத்தியதாக மகிழும் தொகையில் ஒரு பகுதியை அவள் செலுத்தியிருக்கிறாள்.

ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்னும் ஒரு வரியை எழுதச் சொல்வோம். அதனால் மதிப்பீடு சிறிது உயருமானால் அதனை ஏற்போம். பங்குப் பேரவைகளும் பள்ளி நிர்வாகங்களும் இதனைத் தொடங்கி வைத்தால், நம் பகுதியின் மேஸ்திரிகள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வர். ஒரு பழக்கத்தை வெல்வதற்கு மற்றொரு பழக்கமே வேண்டும்.

பேசின் பிரிட்ஜுக்குச் சற்றுத் தொலைவில் இராயபுரம் இருக்கிறது. அங்கே இராயப்பர் பெயரால் நிற்கும் ஆலயத்தை, கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலைகளோடு போராடிப் படகு செலுத்திய உழைப்பாளிகள் தங்கள் ஊதியத்திலிருந்து சேர்த்து எழுப்பினர். உழைத்தவர் மனமுவந்து கொடுத்த கூலியால் ஓர் ஆலயம் எழுவது மாட்சி. உழைத்தவளுக்குக் கொடாமல் நிறுத்திய கூலியால் ஒரு சுவர் எழுந்தாலும் அது தாழ்ச்சி. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று யாகப்பர் தமது திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்தக் கூக்குரல் நாம் செபிக்கும் சுவருக்குள்ளிருந்து எழாமல் பார்த்துக்கொள்வோமாக.